பட்டறையில் பத்து நாள்



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறு வாரம் உங்கள் வீட்டில் ஒரு கேள்வி எழும்: "எந்தப் பிரிவில் சேருவது?" மதிப்பெண் பட்டியலைப் பார்த்து அப்பா ஒன்று சொல்வார். பக்கத்து வீட்டு அண்ணன் படித்த படிப்பை நினைத்து அம்மா ஒன்று சொல்வார். ஊரிலிருந்து வந்த மாமா வேறொன்று சொல்வார். நீங்கள் என்ன சொல்வீர்கள்? "மின்பொறியாளராக வேண்டும்" என்று சொல்கிறீர்கள் என வைத்துக் கொள்வோம். மின்பொறியாளர் ஒருவர் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார் என்று திருப்பிக் கேட்டால், நம்மில் பெரும்பாலோர் விழிப்போம்.

தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்த்து வாங்குகிறோம். செருப்பைப் போட்டு நாலடி நடந்து பார்த்து வாங்குகிறோம். வாழ்நாளில் பெரும்பகுதி செய்யப் போகும் தொழிலை மட்டும் தொட்டும் பாராமல் தேர்ந்தெடுக்கிறோம். இது சரியா?

அறிவியலில் ஒரு கருத்தைச் சோதித்துப் பார்த்த பின்பே ஏற்கிறோம். "இந்தத் தொழில் எனக்கு ஏற்றது" என்பதும் ஒரு கருதுகோள்தான். அதையும் சோதிக்கலாம். அதற்கான சோதனைச் சாலை உங்கள் ஊர்க் கடைத்தெருவிலேயே இருக்கிறது.

புத்தகம் கட்டிய சிறுவன்

மைக்கேல் பாரடேயின் பெயரை நீங்கள் அறிவீர்கள். 1791-இல் இலண்டன் நகரை அடுத்து ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பு எழுதப் படிக்க, கணக்குப் போட என்ற அளவோடு நின்றுவிட்டது. 1804-இல் ஒரு புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அதே கடையில் புத்தகம் கட்டும் தொழிலைக் கற்கும் பயிலுநர் ஆனார். பயிற்சிக் காலம் ஏழு ஆண்டுகள்.

கட்டுவதற்கு வந்த புத்தகங்களை அவர் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவரை ஈர்த்தது. தம்மால் வாங்க முடிந்த மலிவான பொருள்களைக் கொண்டு சிறு சோதனைகள் செய்தார். 1812-இல் ராயல் நிறுவனத்தில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டு, விரிவான குறிப்புகள் எழுதி, படங்கள் வரைந்து, தம் கையாலேயே அழகாகக் கட்டி, டேவிக்கு அனுப்பி வைத்தார். 1813 மார்ச்சில் அந்நிறுவனத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாரடே புத்தகம் கட்டும் தொழிலை நன்றாகவே கற்றார். ஆனாலும் அது தமக்குரிய தொழில் அன்று என்பதை அந்தப் பட்டறையிலேயே கண்டுகொண்டார். அங்கே பழகிய கைத்திறன் வீணாகிவிடவில்லை. 1831 ஆகஸ்டு 29 அன்று மின்காந்தத் தூண்டலைக் கண்டறிய அவர் பயன்படுத்திய இரும்பு வளையத்தில், செப்புக் கம்பிச் சுருள்களைத் துணியும் நூலும் இடையிட்டு, ஒன்றை ஒன்று தொடாதபடி தாமே சுற்றியிருந்தார். பொறுமையாகக் கை வேலை செய்யத் தெரிந்தவருக்கே அது கூடும்.

நம் நாட்டு முயற்சிகள்

கல்வியோடு கைத்தொழிலை இணைக்கும் எண்ணம் நமக்குப் புதிதன்று. 1937-இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, "பணி அனுபவம்" எல்லா மாணவர்க்கும் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் ஏதேனும் ஒரு பருவத்தில் மாணவர்கள் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் பழக வேண்டும் என்கிறது.

குழுக்கள் பரிந்துரைப்பது இருக்கட்டும். வரும் கோடை விடுமுறையில் பத்து நாளை நீங்களே ஒதுக்கினால் என்ன கிடைக்கும்? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பாரடேயின் கண்டுபிடிப்பால் பிழைக்கும் ஒரு தொழிலையே எடுத்துக் கொள்வோம்.

மோட்டார் பட்டறைக்குள்

கிணற்றுப் பாசனம் உள்ள ஊர்களில் எல்லாம் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை ஒன்றாவது இருக்கும். உள்ளே நுழைந்தவுடன் வார்னிஷ் நெடியும் கருகிய வாடையும் மூக்கைத் துளைக்கும். வாசலில் ஒரு விவசாயி நின்றுகொண்டிருப்பார். "நாளைக்குக் கிடைச்சிருமா?" என்று கேட்பார். அவருடைய வயலில் பயிர் தண்ணீருக்குக் காத்திருக்கிறது. மோட்டார் இரண்டு நாள் தாமதமானால் அவருக்கு எவ்வளவு நட்டம் என்பது உங்கள் பாடப்புத்தகத்தில் இராது. பட்டறைக்காரருக்கு அது தெரியும். ஆகவேதான் இரவிலும் அங்கே விளக்கு எரிகிறது. தொழில் என்பது திறமை மட்டும் அன்று, ஒருவருக்குக் கொடுத்த வாக்கும் ஆகும். முதல் நாள் பாடம் இது.

முதல் வேலையாக, மோட்டாரின் மேல் அறைந்துள்ள தகட்டைப் படிக்கச் சொல்வார்கள். 50 ஹெர்ட்ஸ், 1440 சுற்றுகள் என்று அதில் இருக்கலாம். இயற்பியல் தெரிந்தவர் இதிலிருந்தே ஒன்றைக் கண்டுபிடிப்பார். மோட்டாருக்குள் சுழலும் காந்தப்புலத்தின் வேகத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு:

நிமிடத்திற்குச் சுற்றுகள் = 120 × அதிர்வெண் ÷ துருவங்களின் எண்ணிக்கை

நான்கு துருவங்கள் என்றால், 120 × 50 ÷ 4 = 1500. சுழலி காந்தப்புலத்தை விடச் சற்றுப் பிந்தியே சுழலும். பிந்தாவிட்டால் அதில் மின்னோட்டம் தூண்டப்படாது. ஆகவே 1440 என்று எழுதியிருந்தால் அது நான்கு துருவ மோட்டார். 2880 என்று இருந்தால்? கணக்கிட்டுப் பாருங்கள்.

எண்ணும் வேலை

அடுத்து, கருகிய கம்பியைப் பிரித்தெடுக்க வேண்டும். வந்தபடி பிடுங்கி எறியலாகாது. நிலைப்பகுதியில் எத்தனை காடிகள், ஒரு சுருளில் எத்தனை சுற்றுகள், சுருளின் ஒரு பக்கம் எந்தக் காடியில், மறு பக்கம் எந்தக் காடியில் என்பவற்றை எழுதிக்கொண்டே பிரிக்க வேண்டும். எழுதாமல் பிரித்தால், வந்த வழி தெரியாமல் காட்டுக்குள் போனவர் கதைதான்.

36 காடிகள் கொண்ட மும்முனை மோட்டார் என்க. மூன்று முனைகளுக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு 12 காடிகள். துருவங்கள் நான்கு, ஆகவே ஒரு துருவத்திற்கு ஒரு முனைக்கு 3 காடிகள். இந்த வகுத்தல் கணக்கில் ஒரு காடி தவறினாலும் மோட்டார் உறுமுமே தவிர ஒழுங்காகச் சுழலாது. வகுப்பில் கணக்குத் தவறினால் மதிப்பெண் போகும். இங்கே செம்பும் கூலியும் ஒரு நாளும் போகும்.

பிறகு கம்பியின் தடிப்பு. ஒரு துண்டை எடுத்து, மேலேயுள்ள எனாமல் பூச்சை நீக்கிவிட்டுத் திருகு அளவியால் அளப்பார்கள். ஆம், ஆய்வகத்தில் உள்ள அதே திருகு அளவிதான். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 20 கேஜ் கம்பியின் விட்டம் 0.914 மி.மீ.; 22 கேஜ் கம்பியின் விட்டம் 0.711 மி.மீ. வேறுபாடு 0.2 மி.மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். மின்தடை குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. (0.914 ÷ 0.711) என்பதன் இருமடி ஏறத்தாழ 1.65. அதாவது 20 கேஜ் இருந்த இடத்தில் 22 கேஜ் சுற்றிவிட்டால், அதே மின்னோட்டத்திற்கு 1.65 மடங்கு வெப்பம் உண்டாகும். சில மாதங்களில் அதே மோட்டார் அதே பட்டறைக்குத் திரும்பி வரும்.

ஏன் கருகியது?

பழுதைச் சரிசெய்தால் போதாது. காரணத்தையும் கண்டறிய வேண்டும். அனுபவசாலி ஒருவர் கருகிய சுருள்களை, மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

எல்லாச் சுருள்களும் ஒரே சீராகக் கருகியிருந்தால், மோட்டாருக்குச் சுமை கூடியிருக்கிறது. அல்லது மின்னழுத்தம் குறைந்திருக்கிறது. அல்லது பேரிங் இறுகிச் சுழலி சிக்கியிருக்கிறது. ஒரே ஓர் இடம் மட்டும் கருகியிருந்தால், அங்கே மின்காப்பு கெட்டுச் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டிருக்கின்றன. ஸ்டார் முறையில் இணைத்த மோட்டாரில் இரண்டு முனைகளுக்குரிய சுருள்கள் கருகி, மூன்றாவது முனையின் சுருள் மட்டும் புதிது போல் இருந்தால்?

விடை அந்தக் கருகாத சுருளில் இருக்கிறது. அதன் வழியே மின்னோட்டமே செல்லவில்லை! மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை எங்கோ அறுந்துவிட்டது. ஒரு ப்யூஸ் போயிருக்கலாம். மோட்டார் நின்றுவிடாமல், மீதி இரு முனைகளைக் கொண்டே முழுச் சுமையையும் இழுக்க முயன்றிருக்கிறது. அப்போது அவற்றில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.73 மடங்காகிறது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதை நினைவுகூருங்கள்: 1.73 × 1.73 = ஏறத்தாழ 3. மூன்று மடங்கு வெப்பத்தை எனாமல் எவ்வளவு நேரம் தாங்கும்?

இதைக் கண்டறிந்தவுடன் பட்டறைக்காரர் விவசாயியிடம், "அண்ணா, மோட்டாரை மாட்டுறதுக்கு முன்னாடி ஸ்டார்ட்டரையும் ப்யூஸையும் பார்த்திருங்க. இல்லேன்னா இதுவும் கருகிரும்" என்பார். ஜூல் விதியை அவர் அந்தப் பெயரில் படித்திராமல் இருக்கலாம். ஆனால் நாள்தோறும் அதனோடு பழகுகிறார். நீங்கள் விதியை அறிவீர்கள். கருகிய சுருளைக் கண்டதில்லை. இருவரும் பத்து நாள் பேசிக்கொண்டால் இருவருக்குமே ஆதாயம்.

புதுச் சுருள்களைக் கட்டி முடித்ததும் வார்னிஷ் ஊற்றி உலர்த்துவார்கள். கம்பிகளுக்கு இடையேயுள்ள காற்றிடத்தை அது நிரப்புகிறது. ஈரம் புகாமல் தடுக்கிறது. கம்பிகள் அதிர்ந்து உராயாமல் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் மெக்கர் என்னும் கருவியால் மின்காப்பைச் சோதிப்பார்கள். 500 வோல்ட் கொடுத்தும் மின்தடை ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருந்தால், கசியும் மின்னோட்டம் 0.0005 ஆம்பியருக்கு மேல் போகாது. ஓம் விதி!

குறிப்பேடு எழுதும் முறை

சும்மா நின்று வேடிக்கை பார்த்தால் பத்து நாளும் பத்து நிமிடமாய்க் கழிந்துவிடும். பாரடேயைப் போலக் குறிப்பெடுங்கள். நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்தை நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள்.

1. கண்டது: இன்று பார்த்த வேலைகள், கருவிகள், அவற்றின் பெயர்கள்.
2. செய்தது: உங்கள் கையால் செய்தவை. தவறியவற்றையும் எழுதுங்கள்.
3. கேட்டது: கேட்ட கேள்வியும் கிடைத்த விடையும். விடை கிடைக்காத கேள்விக்கு ஒரு நட்சத்திரக் குறி இடுங்கள். பள்ளி திறந்ததும் ஆசிரியரிடம் கேட்கலாம்.
4. உணர்ந்தது: எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை? எந்த வேலையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்?

நான்காம் கட்டமே மிக முக்கியமானது. ஆனால் அதைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. முதல் சில நாள்களில் உங்களுக்குக் கிடைப்பவை பெருக்குதல், துடைத்தல், பழைய கம்பியைப் பிரித்தல் போன்ற வேலைகளே. அவை சலிப்பூட்டினால், தொழிலே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கப் போவது முதல் நாளின் வேலையை அன்று. பத்தாம் ஆண்டின் வேலையை. ஆகவே, பல ஆண்டுகள் அனுபவம் உள்ளவர் என்ன செய்கிறார், எதற்குக் கவலைப்படுகிறார், எதில் மகிழ்கிறார் என்று பாருங்கள். "அவர் இடத்தில் நான் இருக்க விரும்புவேனா?" என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

"இல்லை" என்று விடை வந்தால் சோதனை தோற்றுவிட்டதா? இல்லவே இல்லை. தப்பான கருதுகோள் ஒன்று நீங்கிவிட்டது. நான்கு ஆண்டு படித்து முடித்த பின்பு தெரிய வேண்டியது, பத்தே நாளில், செலவில்லாமல் தெரிந்துவிட்டது. மேலும், ஒரே சோதனையைக் கொண்டு முடிவுக்கு வருவது அறிவியல் ஆகாது. அடுத்த விடுமுறையில் வேறோர் இடம் பாருங்கள்: அச்சகம், மண் பரிசோதனை நிலையம், நாற்றுப் பண்ணை, தையற்கூடம், மருத்துவ ஆய்வுக்கூடம். இரண்டு குறிப்பேடுகளையும் அருகருகே வைத்தால் உங்களைப் பற்றி உங்களுக்கே தெரியாத செய்திகள் வெளிவரும்.

ஒரு மோட்டார், பல தொழில்கள்

மோட்டார் பட்டறைக்குப் போனால் மோட்டார் மெக்கானிக் ஆவதற்கு மட்டுமே வழி என்று எண்ண வேண்டாம். அங்கிருந்து பல பாதைகள் பிரிகின்றன.

கையால் செய்வதில் நாட்டமா? பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பிரிவு இரண்டு ஆண்டு. அதன் பிறகு, 1961-ஆம் ஆண்டின் பயிலுநர் சட்டப்படி, தொழிற்சாலைகளில் உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம். பழுதின் காரணத்தைத் துருவுவதில் நாட்டமா? பல்தொழில்நுட்பக் கல்லூரியில் மூன்றாண்டுப் பட்டயம். பின்பு விரும்பினால் பொறியியல் பட்டப்படிப்பில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. கருகாத மோட்டாரை வடிவமைக்க ஆசையா? மேல்நிலை வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல்; பின்பு நான்காண்டுப் பொறியியல். எனாமலும் வார்னிஷும் ஏன் கெடுகின்றன என்று யோசித்தீர்களா? உங்கள் இடம் வேதியியல் ஆய்வகம். செம்பின் விலை, கூலி, பாக்கி வசூல் ஆகியவற்றைக் கவனித்தீர்களா? உங்களுக்குள் ஒரு தொழில்முனைவர் இருக்கக்கூடும்.

கவனம் தேவை

பத்து நாள் பழகுவது கற்பதற்கு. சம்பளத்துக்கு வேலை செய்வதற்கு அன்று. 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்பதும், 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது என்பதும் 2016-இல் திருத்தப்பட்ட சட்டம். ஆகவே பெற்றோரின் சம்மதத்தோடும், முடிந்தால் ஆசிரியர் வழியாகவும் அனுமதி கேளுங்கள். மாணவிகளும் தயங்க வேண்டாம். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போகலாம்.

மின்சாரம் பாயும் எதையும் தொடாதீர்கள். மின்தேக்கியில், இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கும். சுழலும் மோட்டாரின் அருகே தொங்கும் துணி, தளர்ந்த கூந்தல், மோதிரம் கூடாது. கம்பியை எரிக்கும் புகையையும் வார்னிஷ் ஆவியையும் சுவாசிக்காமல் விலகி நில்லுங்கள். "அண்ணா, இதைத் தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொடுவது கோழைத்தனம் அன்று, நல்ல தொழிலாளியின் முதல் இலக்கணம்.

வீட்டில் செய்து பாருங்கள்

பட்டறைக்குப் போகுமுன் ஒரு சிறு முன்னோட்டம். தேவையானவை: 8 செ.மீ. நீள இரும்பு ஆணி ஒன்று, மெல்லிய எனாமல் கம்பி, ஒரு சாதாரண 1.5 வோல்ட் உலர் மின்கலம், குண்டூசிகள், உப்புத்தாள். (செல்பேசியின் மின்கலத்தையோ வீட்டு மின்சாரத்தையோ எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள்.)

ஆணியின் மேல் கம்பியை நெருக்கமாக, ஒரே திசையில் 50 சுற்றுகள் சுற்றுங்கள். கம்பியின் இரு முனைகளிலும் எனாமலை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, மின்கலத்துடன் இணையுங்கள். ஆணி எத்தனை குண்டூசிகளைத் தூக்குகிறது என எண்ணுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் இணைத்து வைக்க வேண்டாம், கம்பி சுடும். பிறகு 100 சுற்றுகள், 150 சுற்றுகள் எனக் கூட்டிச் சோதியுங்கள்.

சுற்றும்போது எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்குங்கள். எத்தனை முறை தவறினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். அந்த எண் உங்களைப் பற்றிய ஒரு செய்தி. நாலைந்து நாள் பழகிய பின் அது குறைந்தால், அது அதைவிட நல்ல செய்தி.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. தகட்டில் 960 சுற்றுகள், 50 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அந்த மோட்டாருக்கு எத்தனை துருவங்கள் இருக்கும்?
2. சுற்றுகளை இருமடங்காக்கியும் குண்டூசிகளின் எண்ணிக்கை சரியாக இருமடங்காகவில்லை எனில், கம்பியின் நீளத்திற்கும் அதற்கும் என்ன தொடர்பு?
3. உங்கள் தெருவில் காணும் ஏதேனும் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அதில் பயன்படும் அறிவியல் விதிகள் மூன்றை எழுத முடியுமா?

மூன்றாவது வினாவுக்கு இக்கட்டுரையில் விடை இல்லை. தெருவில் இறங்கி நடங்கள், விடை கிடைக்கும். அடுத்த ஆண்டு "எந்தப் பிரிவில் சேருவது?" என்ற கேள்வி வீட்டில் எழும்போது, உங்கள் கையில் மதிப்பெண் பட்டியலோடு ஒரு குறிப்பேடும் இருக்கட்டும்.